குடியும் மராமத்தும்

'குடிமராமத்து' என்னும் சொல் ஈரினச் சொல்லாகும். முற்பகுதி தூய தமிழ். ஊரையும் உழவரையும் குறிப்பது. பிற்பகுதி அரபி மூலமுடையது. 'ரம்ம' என்னும் வினையடியினின்று பிறந்த 'மரம்மத்' என்பது பாரசீக வழியாக அரசாங்க வழக்கில் புகுந்து, தமிழ்நாட்டு உழவரின் நாவில் 'மராமத்து' ஆயிற்று. பழுதுபட்டதைச் செப்பனிடுதல் என்பது அதன் பொருள். அரபி மொழியின் வியப்புகளுள் ஒன்று, இதே வேர் சிதைவையும் உணர்த்துவதாகும். மக்கிப்போன எலும்புக்கு 'ரமீம்' என்று பெயர். சிதைவும் செப்பமும் ஒரே வேரில் நிற்கின்றன. எது சிதைகிறதோ அதுவே இடையறாது செப்பனிடப்பட வேண்டும் என்று அச்சொல்லே நமக்குச் சொல்வது போலத் தோன்றுகிறது.

சொல்லின் பிற்பகுதி எதைச் செய்வது என்று கூறுகிறது. முற்பகுதி யார் செய்வது என்று கூறுகிறது. ஆனால் எவர் பொருளில் செய்வது என்பதை அச்சொல் கூறவில்லை. கண்மாய்களின் வரலாறு முழுவதும், கூறப்படாத அந்த மூன்றாவது வினாவைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது நம் கருத்து. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

கரிசலில் வெள்ளம்

அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் இடையே அமைந்தது பாலவனத்தம். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீன்தாராக விளங்கியமையால், தமிழுலகம் இப்பெயரை மறவாது. ஆனால் இவ்வூரையும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களையும் நிலத்தின் கண்கொண்டு நோக்குவோர் காண்பது கரிசல் காட்டையும், வானம் பார்த்த புஞ்சையையும், மழைநீரையே நம்பிய கண்மாய்களையும்தாம். ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இங்கில்லை. குண்டாறு திருச்சுழியை ஒட்டிச் செல்கிறது. பெரும்பாலான மாதங்களில் அது மணலாறு.

இத்தகைய வறண்ட நாட்டில் வெள்ளத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகப் படலாம். விந்தை ஒன்றுமில்லை. திருச்சுழியின் தலபுராணமே, ஊரை அழிக்க வந்த பெருவெள்ளம் சுழித்து நிலத்துக்குள் இறங்கியமையால் அப்பெயர் வந்ததென்று கூறுகிறது. வறண்ட ஊரொன்று வெள்ளத்தால் பெயர் பெற்றிருக்கிறது. இந்நாட்டின் மழை வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது. அச்சில நாட்களில் வரும் நீரைப் பிடித்து வைத்தால் அது பாசனம். பிடிக்கத் தவறினால் அது வெள்ளம். வெள்ளம் வடிந்தபின் அதுவே வறட்சி. மூன்றும் ஒரே நீரின் மூன்று நிலைகளாகும்.

முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். நிலத்தின் சரிவை ஒட்டி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கண்மாய்களை அமைத்தனர். காட்டு நீரை வரத்துக்கால் கொண்டுவரும், உள்வாய் தேக்கும், மடை வயலுக்கு விடும், மிகுந்த நீர் கலுங்கு வழியே மறுகால் பாயும். மேல் கண்மாயின் மறுகால் நீரே கீழ்க் கண்மாயின் வரத்து. ஆகவே எந்தக் கண்மாயும் தனிக் கண்மாயன்று. அது ஒரு சங்கிலியின் கண்ணி.

இச்சங்கிலியில் மூன்று நோய்கள் உண்டு. உள்வாயில் மண்மேவினால் கொள்ளளவு குறையும். சிறு மழைக்கே கண்மாய் நிரம்பி, பெருமழைக்கு இடமில்லாமற் போகும். வரத்துக்காலும் மறுகாலும் ஆக்கிரமிக்கப்பட்டால், நீர் தன் வழியை விட்டுச் சாலையிலும் குடியிருப்பிலும் புகும். கரை வலுவிழந்தால் உடைப்பு ஏற்படும். மேல் கண்மாய் உடைந்தால், அதன் நீர் முழுவதும் ஒரே பாய்ச்சலில் கீழ்க் கண்மாயைத் தாக்கும், அதுவும் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, தூத்துக்குடி மாவட்டத்தில் இவ்வாறுதான் குளங்கள் பல உடைந்தன. கோரம்பள்ளம் குளமும் அவற்றுள் ஒன்று. அத்தகைய மழையை எந்தக் கரையும் தாங்குமென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் செப்பமான கரையும் திறந்த கால்வாயும் சேதத்தைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை.

களத்து மேட்டிலிருந்து வந்த பொருள்

பண்டு இச்செப்பத்துக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? கல்வெட்டுகள் விடை கூறுகின்றன. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊராட்சியின் ஏனைய வாரியங்களோடு ஏரி வாரியத்தையும் அவை குறிக்கின்றன. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் வேறொரு வழக்கத்தையும் காட்டுகின்றன. ஒருவர் பொன்னை ஊர்ச்சபையிடம் முதலாக வைப்பார். சபை அம்முதலைத் தொடாது, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் குழி குத்தி மண் எடுக்கும். ஏரிப்பட்டி என நிலம் விடுவதும், ஏரி வெட்டிக் காப்பவர்க்குத் தசபந்தம் என நில மானியம் அளிப்பதும் உண்டு.

இவற்றோடு மேரை என்ற ஒன்றும் இருந்தது. களத்து மேட்டில் பொலி அளக்கும்போதே, அரசுக்கும் குடிக்கும் பங்கு பிரிக்கும் முன்னர், ஊர்ப் பொதுவுக்கென எடுத்து வைக்கும் தானியப் பங்கு அது. 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகீரைப் பார்னார்டு என்பவர் அளந்து எழுதிய கணக்குகளில், ஏரிக்கென ஒதுக்கிய பங்கும் இடம்பெற்றுள்ளது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது பங்கின் அளவையன்று, அதன் முறையை. விளைச்சலில் முதற் பற்று கண்மாய்க்கு. மிச்சமே மன்னனுக்கும் மக்களுக்கும். விளைச்சலைத் தந்த நீருக்கே விளைச்சலின் முதற் கூறு திரும்பியது.

இம்முறையைப் பொற்காலமென்று புகழ்ந்து நிறுத்திவிட நாம் விரும்பவில்லை. நிலமுடையோர் பொருள் தந்தனர் எனின், கூடை சுமந்தோர் பெரும்பாலும் நிலமற்றோர். மடையைத் திறக்க நீரில் மூழ்கியோரும், உடைப்பில் உயிரைப் பணயம் வைத்தோரும் ஊரின் கடைசித் தெருவினர். பாசனத்தின் பயன் மேலே இருந்தது. உழைப்பின் பாரம் கீழே இருந்தது. பழையதை மீட்க எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

நூல்கள் வகுத்த நெறி

ஆறு, கால்வாய்களைத் தூர்வாரும் செலவு யாருடையது என்னும் இதே வினாவை, பல்லவர் காலத்திலேயே பக்தாதில் ஓர் அறிஞர் எழுதி வைத்தார். கலீபா ஹாரூன் அர்ரஷீதுக்காக இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) எழுதிய கித்தாபுல் கராஜ் வரி நிருவாக நூல். அவர் ஹிஜ்ரி 182-இல், அதாவது 798-இல் மறைந்தார். தஜ்லா, புராத்து போன்ற பேராறுகளின் கரை உடைப்புகளுக்கும் அணைகளுக்கும் ஆகும் செலவு அனைவர் நலனுக்குமானது. ஆதலால் அது பைத்துல்மாலைச் சாரும் என்றார். தத்தம் வயலுக்கு நீர் கொண்டு செல்லும் சிறு கால்வாய்களின் செலவு அவற்றின் பயனாளர்களைச் சாரும் என்றார். பெரியதற்கு அரசு, சிறியதற்குக் குடி எனக் கோடு கிழித்தமை தெளிவான தீர்வாகும்.

நம் மதரசாக்களில் ஓதப்படும் ஹிதாயா, ஹிஜ்ரி 593-இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் நூல். அதில் ஆறு தூர்வாருதல் பற்றித் தனிப் பகுதியே உண்டு. அங்குள்ள இரு செய்திகள் நம் கண்மாய்களுக்கென்றே எழுதியவை போன்றவை.

முதலாவது, பேராற்றைத் தூர்வாரப் பைத்துல்மாலில் பொருள் இல்லையெனில், பொது நலன் கருதி ஆட்சியாளர் மக்களைக் கட்டாயப்படுத்தலாம். ஆனால் உடல் வலிமையுள்ளோர் வேலைக்குச் செல்ல, வேலை செய்ய இயலாத செல்வர்கள் அவர்களுடைய செலவை ஏற்க வேண்டும். உழைப்பை ஒருவர் தலையில் சுமத்தும்போதே, பொருளை மற்றொருவர் தலையில் சுமத்துகிறது அவ்விதி.

இரண்டாவது, பலருக்குப் பொதுவான கால்வாயைப் பற்றிய கருத்து வேறுபாடு. இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்), தூர்வாருதல் மேலிருந்து தொடங்கும். ஒருவருடைய நிலத்தைக் கடந்துவிட்டால் அவர் பொறுப்பு நீங்கும் என்றார். அவர்தம் மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) இதனை ஏற்கவில்லை. முதல் முதல் முடிவு வரை எல்லோரும் தத்தம் பங்கின்படி பொறுப்பேற்க வேண்டும் என்றனர். அவர்கள் கூறிய காரணம் கருதத்தக்கது. மேலே உள்ளவருக்குத் தம் மிகுநீரை வடித்துவிடக் கீழ்க் கால்வாய் தேவைப்படுகிறது; ஆகவே கீழ்ப்பகுதியிலும் அவருக்குப் பயனுண்டு என்பதே அது. மறுகால் அடைபட்டால் மேலூரும் மூழ்கும் என்ற உண்மையை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

வக்ஃபுச் சட்டத்திலும் ஓர் அடிப்படை உண்டு. வக்ஃபின் வருவாயில் முதற் செலவு அதன் பராமரிப்பே. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை எழுதியிருப்பினும் எழுதாதிருப்பினும் அதுவே விதி. முதலைத் தொடாத பொன்னும், களத்து மேட்டின் முதல் மேரையும் தமிழகத்தில் எதைச் செய்தனவோ, அதனையே இவ்விதியும் செய்கிறது. இரு நாகரிகங்களும் ஒன்றையொன்று கேளாமலே ஒரே முடிவுக்கு வந்தன.

வாங்குபவரும் செப்பனிடுபவரும்

கும்பினி ஆட்சியில் இம்முறை குலைந்தது. 1802-ஆம் ஆண்டின் 25-ஆவது ஒழுங்குவிதி, நிரந்தரத் தீர்வை செலுத்தும் ஜமீன்களை உண்டாக்கிற்று; இராமநாதபுரம் சீமையும் அவ்வாறு ஜமீனாயிற்று. ஜமீன்தார் செலுத்த வேண்டிய பேஷ்குஷ் தொகைக்கும் தவணைக்கும் விதி துல்லியமாக இருந்தது. கண்மாய்க்குச் செலவிட வேண்டிய தொகைக்கு அத்தகைய துல்லியம் இல்லை. மேரைகளும் மானியங்களும் நாளடைவில் கஜானாவின் கணக்கில் கரைந்தன. விளைச்சலின் பயனை வாங்குபவர் ஒருவராகவும், கண்மாயைச் செப்பனிட வேண்டியவர் வேறொருவராகவும் ஆயினர். நம் கண்மாய்களின் நோய்க்கு மூலம் இப்பிரிவினையே என்பது நம் துணிபு.

பொருள் போனபின் எஞ்சியது உழைப்பு ஒன்றே. அதனையும் சட்டம் பிடித்துக்கொண்டது. 1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், வெள்ளச் சேதத்தைத் தடுக்கக் கட்டாய உழைப்பையும், வழக்கமான பாசன வேலைகளில் குடிகளின் உழைப்பையும் சட்டபூர்வமாக்கிற்று. ஹிதாயாவின் விதி செல்வர் மீது வைத்த பொறுப்புக்கு இணையாக இதில் ஒன்றும் இல்லை. மேரை இருந்தவரை உழைப்புக்குப் பின்னால் ஊரின் பொருள் நின்றது. இப்போது ஆணை மட்டும் நின்றது. பொருளற்ற குடிமராமத்து குடிகளுக்கு வெட்டி வேலையாகவே தோன்றியதில் வியப்பில்லை.

1874-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் ஒரு வழக்கு தீர்ந்தது. கார்வேட்டிநகர் ஜமீனைச் சார்ந்த ஏரிகள் பெருமழையில் உடைந்து சென்னை இரயில்வே கம்பெனியின் பாதைக்குச் சேதம் விளைத்தன. கம்பெனி நட்டஈடு கேட்டது. ஏரிகள் தொன்மையானவை, நாட்டின் பாசனத்துக்கு இன்றியமையாதவை, அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை. கவனக் குறைவு மெய்ப்பிக்கப்படாதபோது உடைப்புக்கு அவர் பொறுப்பாகார் என்று தீர்ப்பாயிற்று. கடமை ஜமீன்தாருடையது என்பது உறுதியாயிற்று; அக்கடமைக்கு இவ்வளவு பொருள் ஒதுக்குக என்று எவரும் கூறவில்லை.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தின் பின், 1883-இல் ஏரிப் புனரமைப்புத் திட்டத்தைச் சென்னை அரசாங்கம் தொடங்கிற்று. ஜமீன் கண்மாய்களின் நிலை வேறு. 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம், ஜமீன்தார் செப்பனிடத் தவறினால் ரயத்துகள் கலெக்டரிடம் முறையிடவும், மராமத்துச் செலவை ஜமீனிடமிருந்து பெறவும் வழி செய்தது. ஏழை உழவர் மனு எழுதி, விசாரணைக்கு அலைந்து, தீர்வு பெறுவதற்குள் எத்தனை பருவமழை கடந்திருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

1948-ஆம் ஆண்டின் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. கண்மாய்கள், பெரும்பாலும் பழுதுபட்ட நிலையில், அரசின் கைக்கு வந்தன. அதன்பின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறைக்கும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பிரிக்கப்பட்டன. நீர்ச்சங்கிலி ஒன்று; அலுவலகங்கள் இரண்டு. மேல் கண்மாய் ஒன்றியத்தினதாகவும், அதன் மறுகால் நீரைப் பெறும் கீழ்க் கண்மாய் துறையினதாகவும் இருக்கும் இடங்களில், இடையிலுள்ள கால்வாய்க்கு இருவரும் உறவினர், எவரும் உரியவரல்லர் என்னும் நிலை உண்டாயிற்று.

திட்டங்களும் இடைவெளிகளும்

பொருள் வரவேயில்லை என்று சொல்வது நன்றியின்மையாகும். 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரி நவீனமயத் திட்டம் தொடங்கிற்று. 2007-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் நீர்வள நிலவளத் திட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் பாசன முறைமைகளை நிருவகிப்பதில் உழவர் சங்கங்களுக்கு இடமளித்தது. 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம் பெயரையே சூட்டி, 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கிற்று. அவற்றில் குறைந்தது பத்தில் ஒரு பங்கை உழவர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2019-20-இல் இத்தொகை ஏறத்தாழ 500 கோடியாகவும் உயர்ந்தது. அவ்வாண்டுகளில் கண்மாய் வண்டலைக் கட்டணமின்றி வயலுக்கு எடுக்க உழவர்க்கு அனுமதியும் கிடைத்தது.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ளன. ஓராண்டில் ஆயிரமோ இரண்டாயிரமோ செப்பனிடப்பட்டால், ஒரு கண்மாய்க்கு முறை மறுபடி வர ஏறத்தாழ ஒரு தலைமுறை ஆகும். கண்மாயோ ஆண்டுதோறும் மண்மேவுவது. சீமைக்கருவேல் ஆண்டுதோறும் வளர்வது. எலி வளை கரையில் ஆண்டுதோறும் விழுவது. சிதைவு வருடாந்திரமானது, பொருள் மட்டும் தலைமுறைக்கு ஒருமுறை வருகிறது. இருவேறு தாளங்கள் எங்ஙனம் பொருந்தும்?

பெரிய கால்வாய்களின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. இராமநாதபுரம் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 1789-ஆம் ஆண்டளவில், மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப இயலுமா என்று ஆராயச் செய்தார். செலவு பெரிதென்பதால் அது கைவிடப்பட்டது. நூறாண்டுக்குப் பின் 1887 முதல் 1895 வரை பென்னிகுக் அவ்வணையைக் கட்டினார். நீர் வைகை வழியே மதுரைச் சீமைக்குப் பயன்பட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசலின் மானாவாரிக் கண்மாய்களுக்கு எட்டவில்லை. 2021 பிப்ரவரியில் காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காவிரியின் வெள்ள உபரியை மாயனூரிலிருந்து 262 கிலோமீட்டர் கொண்டுவரும் அத்திட்டத்தின் மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். அது நிறைவேற வேண்டும் என்றே நாமும் விழைகிறோம். ஆனால் அந்நீர் வந்து சேரும் இடம் நம் கண்மாய்களே. ஏற்கும் பாத்திரம் ஓட்டையாயின், கொண்டுவரும் நீர் எங்கே தங்கும்? தூர்ந்த கண்மாய்க்கு வரும் புதுநீர், வரமாக வராமல் வெள்ளமாக வரக்கூடும்.

செய்யத்தக்கது

மேற்கூறிய வரலாற்றினின்று மூன்று முடிவுகளைக் கொள்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு கண்மாய்க்கும் அதன் பெயரிலேயே நிரந்தர நிதி வேண்டும். மீன்பாசிக் குத்தகை, கரையிலும் உள்வாயிலும் நிற்கும் மரங்களின் ஏலம் முதலியவை கண்மாய் தரும் வருவாய்கள். அவை எல்லா இடத்திலும் கண்மாய்க்கே திரும்புவதில்லை. வேறு எச்செலவுக்கும் முன்னர் அவற்றின் முதற் பற்று பராமரிப்புக்கு என்று விதி செய்தல் வேண்டும். அதனோடு உழவர் பங்கும் சேரலாம். உதாரணமாக, 100 ஏக்கர் ஆயக்கட்டில் ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 200 ரூபாய் சேர்த்தால் 20,000 ரூபாய் ஆகும். நாட்கூலி 500 எனக் கொண்டால் இது 40 ஆள் வேலை. மழைக்கு முன் வரத்துக்காலைத் துப்புரவு செய்யவும், வளைகளை அடைக்கவும், கலுங்கின் வாயைத் திறந்து வைக்கவும் இது பேருதவியாகும். மடையைப் புதிதாகக் கட்டவும் உள்வாயை முழுதும் தூர்வாரவும் இது போதாது. அது அரசின் பொறுப்பு. இமாம் அபூ யூசுஃப் கிழித்த கோடு இங்கும் பொருந்துகிறது.

இரண்டாவது, நிதி கண்மாய்க்கு ஒன்றாக இருப்பினும், திட்டம் சங்கிலிக்கு ஒன்றாக வேண்டும். மேலூரும் கீழூரும் ஒரே குழுவில் அமர்ந்து, இடைப்பட்ட கால்வாய்க்குப் பங்கிட்டுப் பொறுப்பேற்க வேண்டும். மறுகால் அடைபட்டால் வெள்ளம் புகும் நகரத்தாரும், பயிர் செய்யாதவராயினும், அப்பங்குக்கு உரியவரே.

மூன்றாவது, உழைப்பவர்க்குக் கூலியும், குழுவில் இடமும் வேண்டும். கூலியில்லாக் குடிமராமத்தை மீண்டும் கொண்டுவர நினைப்பது 1858-ஐ மீண்டும் கொண்டுவர நினைப்பதாகும். வரவும் செலவும் ஊரறிய எழுதி வைக்கப்பட வேண்டும். கணக்கை மறைத்தால் நிதி நிலைக்காது. பள்ளிவாசல் நிருவாகத்திலும் கோயில் நிருவாகத்திலும் ஊரார் கண்டறிந்த உண்மை இது.

'உழவர் வறியவர், அவரிடம் ஏன் கேட்க வேண்டும்?' என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. கிணற்றுப் பாசனமுடையோரும் நிலத்தை விட்டு நகரில் வாழ்வோரும் மிகுந்துவிட்ட இக்காலத்தில், கண்மாயை நம்பி எஞ்சியிருப்போர் சிறு உழவர்களே. எனவேதான் உழவர் பங்கு சிறிதாகவும், கண்மாயின் சொந்த வருவாய் முதன்மையாகவும் இருக்க வேண்டும் என்கிறோம். ஆயினும் சிறு பங்கேனும் இருத்தல் நன்று. தம் பொருள் கலந்த கரையை மனிதர் தம் கரை என்று கருதுவர். ஒப்பந்தக்காரர் வேலையை அரைகுறையாய் விட்டுச் சென்றால் கேள்வி கேட்கவும் அவர்களுக்குத் துணிவு பிறக்கும்.

ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலில் ஒரு மண்வெட்டி விழுவது, கார்த்திகையில் உடைப்பை அடைக்க நூறு மூட்டை மணல் போடுவதை விட மலிவானது. அந்த மண்வெட்டிக்கு ஆண்டுதோறும் கூலி தரும் வழியை ஊர் தன் கையில் வைத்துக்கொள்ளுமாயின், குடியும் மராமத்தும் மீண்டும் ஒரு சொல்லாகும்.